எந்த ஆயில் ஊற்றுவது என்று கேட்ட மாப்ளைக்கு

கோவை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் நிறுத்த விடாதே. வலிக்கிறது என்று பாதியில் நிறுத்தினால் முட்டி மடங்காமலே போய்விடும்.

இங்கே எல்லோரும் நலம். பேத்தி யு.கே.ஜி. போகிறாள். ஒர்க்‌ஷாப்பைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். ஆனாலும் பத்து மணிக்கு ஒரு நடை போய் நின்றுவிட்டு வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

இனி உன் காரின் இன்ஜின் ஆயில் விஷயம். தெருமுனை மெக்கானிக் “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி, 20டபிள்யூ-50 ஊத்துங்க” என்கிறார். சர்வீஸ் சென்டரில் “ஃபுல் சின்தெடிக் போடலேன்னா இன்ஜின் போயிரும் சார்” என்கிறார்கள். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். உன் வண்டி விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. (அந்த நம்பரில் முதலில் வருவது குளிரிலும், பின்னால் வருவது சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது.)

முதலில் வெயில். நெல்லையில் வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது ஒரு சூடே இல்லை. ஓடும்போது ஆயில் 90, 100 டிகிரிக்குப் போய்விடும். இன்ஜின் சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட் இருப்பதால் ஊட்டியானாலும் நெல்லையானாலும் அந்தச் சூடு பெரிதாக மாறாது. 5டபிள்யூ-30 ஆயிலின் கெட்டித்தன்மை (விஸ்காசிட்டி) 100 டிகிரியில் 10 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) அளவில் இருக்கும், 40 டிகிரியில் அதுவே 60-ஐ ஒட்டி இருக்கும். அதாவது சித்திரை மாதத்து மத்தியானத்தில் சாவியைத் திருப்பினாலும், ஓடும்போது இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு கெட்டியாகத்தான் அந்த ஆயில் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் கிடக்கிறது. 20டபிள்யூ-50 என்றால் 40 டிகிரியில் 150-ஐத் தாண்டும். அது பம்பில் ஏறி, ஃபில்டர் கடந்து, இன்ஜின் உச்சியில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை போய்ச் சேரும் வரை மேலே உலோகத்தோடு உலோகம் உரசும். இன்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு ஸ்டார்ட் பண்ணும் அந்த நேரத்தில் நடக்கிறது. உன் மெக்கானிக் அம்பாசிடர் காலத்தில் தொழில் படித்தவர். அந்த இன்ஜினுக்கு அவர் சொல்வது நியாயம். உன் வண்டியில் பேரிங் இடைவெளி சிறியது, ஆயில் போகும் துளைகளும் சிறியவை. அதனால் மேனுவலில் என்ன நம்பர் போட்டிருக்கிறதோ அதுதான் முதல் முடிவு. மினரலா (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த சாதாரண ஆயில்) சின்தெடிக்கா (மூலக்கூறுகளை மாற்றியோ கட்டியோ செய்தது) என்பது அதற்குப் பிறகுதான்.

சொல்லப்போனால் இப்போது வரும் வண்டிகளுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று கேட்கிற இன்ஜினுக்குச் சாதாரண மினரலில் ஆயில் செய்யவே முடியாது. குளிரில் அவ்வளவு இளகியும் சூட்டில் ஆவியாகாமலும் அது நிற்காது. உன்னுடையது மாதிரி பத்து வருஷப் பழைய வண்டிக்குத்தான் ஆயிலைத் தேர்ந்தெடுக்க இடமே இருக்கிறது.

சென்னை மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து லூப் பேஸ் ஸ்டாக், அதாவது இன்ஜின் ஆயிலுக்கான மூல எண்ணெய் எடுக்கிறார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். இந்த பேஸ் ஆயில்களை ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. ஒன்று, இரண்டு வழக்கமான மினரல். மூன்று, அதே கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து, மூலக்கூறுகளையே மாற்றி எடுப்பது. நான்கு, ஆலையில் ரசாயன முறையில் கட்டி எடுக்கும் பி.ஏ.ஓ. (பாலி ஆல்ஃபா ஓலிஃபின்). மற்றதெல்லாம் ஐந்தாவது. மூன்றாவது குரூப்பை சின்தெடிக் என்று சொல்லி விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் கம்பெனி காஸ்ட்ரால் மேல் புகார் கொடுத்தது. 1999-இல் அங்கே விளம்பரங்களைப் பரிசீலிக்கும் அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. இன்று கடையில் ‘ஃபுல் சின்தெடிக்’ என்று விற்பதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது குரூப்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ஆயில்தான். ‘செமி சின்தெடிக்’ என்று போட்டிருப்பதில்தான் எவ்வளவு சின்தெடிக் கலந்திருக்க வேண்டும் என்பதற்கு அளவே கிடையாது. அதனால் கேனின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்னால் திருப்பிப் பார். வட்ட முத்திரைக்குள் ஏ.பி.ஐ. எஸ்.என்., எஸ்.பி. என்று தர எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்குப் பின்னால் இன்ஜினில் ஓட்டிப் பார்த்த சோதனைகள் இருக்கின்றன.

சின்தெடிக் ஆயிலின் உண்மையான பலம் சூட்டைத் தாங்குவதுதான். சீக்கிரம் ஆக்ஸிஜனேற்றம் ஆகாது, ஆவியாகிக் குறைவதும் கம்மி. உன் மகள் வாங்கியிருக்கும் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) வைத்த பெட்ரோல் காருக்கு அது கட்டாயம் வேண்டும். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான், பக்கத்திலேயே சைலன்சர் பக்கத்து நெருப்புச் சூடு. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே ஆஃப் பண்ணினால், பேரிங்கில் நிற்கிற ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைக்கச் சொல். இன்னொன்று, டர்போவும், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த இன்ஜினில், குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தி மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு. பிஸ்டனையே உடைத்துவிடும். ஆயிலில் சேர்க்கிற கால்சியம் அதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2020-இல் வந்த எஸ்.பி. தரத்தில் இந்தக் கோளாறுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அவள் வண்டிக்கு அதற்குக் குறைந்தது வேண்டாம்.

அவள் சென்னை ஓ.எம்.ஆர். ரோட்டில் ஓட்டுகிறாள் என்றால், எப்போது ஆயில் மாற்றுவது என்பதற்குக் கிலோமீட்டரை நம்பாதே. சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் இன்ஜின் ஓடுகிறது, ஓடோமீட்டர் ஓடுவதில்லை. மேனுவலின் கடைசியில் கடினமான உபயோகத்துக்கு என்று தனி அட்டவணை இருக்கும். நம் சென்னைப் போக்குவரத்து அதில்தான் சேரும்.

உன் வண்டிக்கு வருகிறேன். நீ அனுப்பிய மேனுவல் படத்தில் 5டபிள்யூ-30, எஸ்.எல். அல்லது அதற்கு மேல், 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று இருக்கிறது. நீ ஓட்டுவது மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும். அந்த ‘ஒரு வருஷம்’தான் உனக்கு முக்கியம். இதே மாதிரி பக்கத்திலேயே ஓடும் வண்டி ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஊற்றியிருந்தது நல்ல ஃபுல் சின்தெடிக். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று மூன்று வருஷம் மாற்றாமல் விட்டிருந்தார்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளையாக நுரைத்த பசை. சம்ப்பைக் கழற்றியபோது பம்பின் வலை முழுக்க உறைந்த கருப்பட்டிப் பாகு மாதிரி அடைத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டித்தான் எடுத்தான் பையன். இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்து அணைத்து ஓட்டினால் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். விலை கூடிய ஆயில் ஊற்றினாலும் அது மாறாது. வாரத்துக்கு ஒரு தரம் தென்காசி ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வா, அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்.

அதனால் உனக்கு 5டபிள்யூ-30, செமி சின்தெடிக் போதும். தை பிறந்தால் மாற்று, ஃபில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் சேர்த்து. ஃபுல் சின்தெடிக்குக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை கொடுத்து, அதன் பலத்தில் பாதியைக்கூட உன் வண்டி பயன்படுத்தப் போவதில்லை. மீறி ஊற்றினாலும் கெடுதல் இல்லை. இரண்டும் கலந்தால் திரிந்துவிடும் என்பது வெறும் பேச்சு, தாராளமாகக் கலக்கலாம். வால்வு கவர் பக்கம் ஈரம் கசிகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த கேஸ்கெட்டை இந்தத் தடவையே மாற்றிவிடு. ஆயில் கறுத்துவிட்டதே என்றும் பயப்படாதே. அழுக்கை ஆயில் தனக்குள் இழுத்துக்கொண்டால் கறுக்கத்தான் செய்யும்.

ஆயிலை நம்பிக்கையான பங்க்கிலோ கம்பெனி டீலரிடமோ வாங்கு. பழைய கேனில் கழிவு ஆயிலை வடிகட்டி நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயம் இது. ஒரு குடும்பம் கடன் வாங்கி வாங்கிய வண்டியை நூறு இருநூறு ரூபாய் லாபத்துக்காக நாசம் பண்ணுகிறார்கள். உன் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல். காலி கேனில் ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டுவிட்டுப் போடு. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதே, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆட்களிடம் கொடுக்கும் கடையா என்று கேட்டுக்கொள்.

மகள் கல்யாணம் வைகாசியில் என்று எழுதியிருக்கிறாய். தேதி குறித்ததும் போன் பண்ணு, நானும் என் மனைவியும் இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறோம். பந்தி வேலையை என்னிடம் விட்டுவிடு. கோவையில் நல்ல சமையல்காரர் ஒருவரைத் தெரியும், வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வைக்கிறேன். அம்மாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பாலிடெக்னிக் காலத்துப் பக்கத்து பெஞ்சுக்காரன்