ஆண்மைக்குறைவு வேறு, விந்தணுக் குறைவு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தையின்மை குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசிப்பவன் என்ற முறையிலும், அதே சிக்கலில் மூன்று ஆண்டுகளாக இருந்து வரும் கணவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். விந்தணு எண்ணிக்கை குறைந்திருப்பதைச் சொல்லவும், தாம்பத்திய உறவில் ஏற்படும் இயலாமையைச் சொல்லவும் தங்கள் தலைப்புகளில் 'ஆண்மைக்குறைவு' என்ற ஒரே சொல் வருகிறது. இந்தக் குழப்பத்தால் எங்களுக்கு ஒன்றரை ஆண்டு வீணாகப் போயிற்று.

எங்கள் உறவில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆகவே கோளாறு என் பக்கம் இருக்கக்கூடும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. முதல் சந்திப்பில் மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டபோது, "எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று சற்று விறைப்பாகவே சொன்னேன். அவரும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அதன்பின் மாதந்தோறும் என் மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன் ஊசிகள், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி என்று தொடர்ந்தன. சாயம் செலுத்திய அன்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததை நான் மறக்கவில்லை. எல்லா முடிவுகளும் 'நார்மல்'. கோப்பின் அட்டையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் சேர்ந்த பிறகு, கடைசித் தாளாக என் விந்துப் பரிசோதனை முடிவு அதில் செருகப்பட்டது: ஒரு மில்லி லிட்டரில் 40 லட்சம்.

இத்தனைக்கும் குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் சேர்ந்தே இருக்கிறது. விந்துப் பரிசோதனையோ ஊசியும் வலியும் இல்லாதது. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவு தவிர்த்து, மாதிரியை டப்பாவில் எடுத்து, உடல்சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தால் போதும். (நான் சட்டைக்குள் வைத்து எடுத்துச் சென்றேன்.) உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு தரும் கீழ்வரம்பு ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள், மொத்த விந்தணுக்களில் நகர்பவை 42 சதவீதம். இது தேர்ச்சி மதிப்பெண் அன்று. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினரைப் பிரிக்கும் கோடாக வகுத்த அளவு. அதற்குக் கீழே இருப்பவர்களும் இயல்பாகத் தந்தையாவதுண்டு, மேலே இருந்தும் தாமதமாவதுண்டு. எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரே சோதனையை வைத்து முடிவுகட்டக் கூடாது; கடுங்காய்ச்சல் வந்து போனால்கூட இரண்டு மூன்று மாதங்களுக்கு அது சரிந்திருக்கும்.

என் விஷயத்தில் காரணம் விதைப்பையின் இரத்தக்குழாய்கள் (சிரைகள்) புடைத்துச் சுருண்டிருக்கும் வேரிகோசீல். சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) என்னை நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார்; இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாட்கள் பிடிக்கும், ஆகவே எந்தச் சிகிச்சையின் பலனும் மூன்று மாதங்கள் ஆவதற்கு முன் தெரியாது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறாம் மாதம் எண்ணிக்கை 1 கோடியே 10 லட்சத்தைத் தொட்டது. கரு இன்னும் தங்கவில்லை; முயன்று வருகிறோம்.

சொற்குழப்பம் இன்னொரு தீங்கும் செய்கிறது. 'ஆண்மை'யைக் கூட்டுவதாக நினைத்து டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு விந்தணு உற்பத்தி குறைகிறது, சிலருக்கு அடியோடு நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துவிட்டதால், விந்தகத்தை வேலை வாங்கும் பிட்யூட்டரி சுரப்பி தன் சமிக்ஞையை நிறுத்திக்கொள்வதே காரணம். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரைகளையும் நான் மாதக்கணக்கில் விழுங்கினேன். அவற்றால் விந்தின் தரமோ குழந்தை பிறக்கும் வாய்ப்போ கூடவில்லை என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

விந்தில் ஒரு விந்தணுவும் இல்லை என்று முடிவு வந்தவர்களுக்கும் வழி அடைபட்டுவிடுவதில்லை. பாதையில் அடைப்பு இருந்தால் விந்தகத்திலிருந்தே எடுத்து, முட்டைக்குள் ஒரே விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறைக்குப் பயன்படுத்தலாம். உற்பத்தியே குன்றியிருந்தால் வாய்ப்பு குறைவு, ஆனால் அவர்களிலும் சிலருக்குக் கிடைக்கிறது. இம்முறையில் கருவுற்ற முதல் செய்தி வெளியானது 1992இல். இதையெல்லாம் அறிய முதலில் சோதனைக்கு வர வேண்டும். 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லைத் தலைப்பில் பார்த்துவிட்டு, 'இது என்னைப் பற்றியதன்று' என்று பக்கத்தைப் புரட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே இயலாமை பற்றிய கட்டுரைக்கு அச்சொல் இருந்துவிட்டுப் போகட்டும்; விந்தணு பற்றிய கட்டுரைக்கு 'விந்தணுக் குறைவு' என்றே தலைப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்