ராஜ்குமாரியின் பெயரில் ஒரு கல்லூரி

அன்புத் தோழிக்கு,

உன் பேத்திக்குத் தில்லி ராஜ்குமாரி அம்ரித் கௌர் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் படித்ததும் நாமே மறுபடி சீருடை போட்ட மாதிரி சந்தோஷம். அவளுக்கு என் ஆசிகளைச் சொல். அப்புறம், அந்தக் கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதையும் சொல்லி அனுப்பு.

பஞ்சாபின் கபூர்தலா அரச குடும்பத்துப் பெண், இங்கிலாந்தில் படித்தவர். அந்த வசதிகளை விட்டுவிட்டுக் காந்தியின் செயலாளர்களில் ஒருவராக இருந்தார், சிறைக்கும் போனார். 1947இல் அமைந்த முதல் அமைச்சரவையில் அவர் ஒருவர்தான் பெண். 1957 வரை சுகாதாரத் துறை அவரிடமே இருந்தது. ஆனால் ‘முதல் பெண் அமைச்சர்’ என்று பொது அறிவுக் கேள்விக்கு விடையாக அவரைச் சுருக்கிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காசநோயைத் தடுக்கப் போடும் பி.சி.ஜி. ஊசியையே எடுத்துக்கொள். அவர் அமைச்சராக இருந்தது நாடெங்கும் காசநோய் ஆட்களைக் கொண்டுபோன காலம். 1948இல் நம் கிண்டியில் தடுப்பூசி ஆய்வகம் வந்தது, ஊசி போடும் இயக்கம் பெரிதாக வளர்ந்தது. 1955இல் ராஜாஜியே அதை எதிர்த்து எழுதினார். எவ்வளவு பெரிய தலைவர், காந்தியின் வட்டத்தில் கூட இருந்தவர்! அப்படியும் இயக்கம் நிற்கவில்லை. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று பிற்பாடு செங்கல்பட்டில் நடந்த ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கு மூளைவரை பரவும் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது. அதனால்தானே பிறந்த குழந்தையின் இடது தோளில் நாமும் போட்டுக்கொண்டிருந்தோம்?

எய்ம்ஸ் அவருடைய நெடுநாள் கனவு. நியூசிலாந்து அரசின் உதவிப் பணம் வந்தது, 1956இல் சட்டம் நிறைவேறியது. மேற்படிப்புக்கு நம் டாக்டர்கள் வெளிநாட்டுக்கு ஓட வேண்டாம், இங்கேயே தரமாகப் படிக்கலாம் என்பதுதான் நோக்கம். சிம்லாவில் காந்தி தங்கிய ‘மேனர்வில்’ என்ற தன் வீட்டையும் அவர் அந்த நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டார், நர்சுகளும் மற்ற ஊழியர்களும் விடுமுறைக்குப் போய்த் தங்கட்டும் என்று. நர்சுகளின் ஓய்வை நினைத்துப் பார்த்த அமைச்சர்! நாம் இரவுப் பணி முடிந்து வராண்டா பெஞ்சில் சாய்ந்து கிடந்தவர்கள் ஆயிற்றே, அதன் அருமை நமக்குத் தெரியும்.

சரி, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நடக்க முடிந்தால் வரும் மே மாதம் பேத்தியைப் பார்த்துவிட்டு அப்படியே சிம்லாவுக்கும் போகலாம். நானும் வருகிறேன். யோசித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி