அவரை விட்டுடலாம்னு நினைக்கிற என் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

நேத்து நீ அனுப்பின மெசேஜ்ல, "அவரை விட்டுடலாம்னு இருக்கேன்க்கா, என்னால அவர் வாழ்க்கை ஏன் வீணாகணும்"னு எழுதியிருந்தியே, அதுக்குப் போன்ல பேசினா அழுதுடுவேன், அதான் எழுதறேன்.

உன்னை மாதிரி எனக்கும் கிட்னி போச்சுன்னு டாக்டர் சொன்னப்போ முதல்ல வந்த நினைப்பு இதேதான். யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது, எல்லாரையும் அனுப்பிட்டு தனியா கிடந்துடணும். கேக்க தியாகம் மாதிரி இருக்கும், ஆனா அதுல அவரை நீ ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேம்மா. ரெண்டு பேர் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவை நீ ஒருத்தியே கட்டில்ல படுத்துக்கிட்டு எடுத்துட்ட.

நம்ம கல்யாணப் பூசையில கொடுக்கற வாக்கை யோசிச்சுப் பாரு. இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமா இருப்பேன்னு பீடத்துக்கு முன்னாடி சொல்றோம். மாலையும் கழுத்துமா நிக்கிற அன்னைக்கே திருச்சபை நோயைப் பத்தி நம்ம வாயாலயே சொல்ல வைக்குது. நோய் வந்தா அன்பு முடிஞ்சுடும்னா அந்த வரிக்கு அங்க வேலையே இல்ல.

புனித குழந்தை தெரேசம்மாளோட அப்பா அம்மா, லூயி மார்ட்டினும் செலியும், அவங்க கதை உனக்கு எவ்வளவு தெரியும்னு தெரியல. செலிக்கு மார்புல புற்றுநோய், தெரிய வந்தப்போ ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சு. 1877 ஜூன்ல பொண்ணுங்களோட லூர்து மாதா கோயிலுக்குப் போனாங்க, சுகமாகல, அதே வருஷம் ஆகஸ்ட்ல இறந்துட்டாங்க, தெரேசாவுக்கு அப்போ வயசு 4. அதுக்கப்புறம் லூயிக்கே மனநிலை பாதிச்சு மூணு வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தார், வீட்டுக்கு வந்தப்புறம் சாகற வரைக்கும் பொண்ணு செலின்தான் கூட இருந்து பாத்துக்கிட்டா. இவங்க ரெண்டு பேரையும்தான் 2015ல ஒண்ணாப் புனிதர்களா அறிவிச்சாங்க. நோய் விலகாத வீட்டுலயும் பரிசுத்தமான அன்பு வாழும்னு எனக்கு அவங்கதான் காட்டினாங்க, நான் ரொம்ப உடைஞ்சு போற நாள்ல செலியம்மாகிட்டதான் பேசுவேன்.

அப்புறம் ஃப்ரெண்ட்ஸ். நீ யார் போனையும் எடுக்கறது இல்லையாமே. மாற்கு நற்செய்தி ரெண்டாம் அதிகாரத்துல முடக்குவாதக்காரனை நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்கறாங்கல்ல, இயேசு "அவங்களோட" நம்பிக்கையைப் பாத்தார்னு இருக்கு. எனக்கு ஜெபம் சொல்லவே வாய் வராத நாளெல்லாம் இந்த இடம்தான் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு, ஏன்னா எனக்குப் பதிலா என் ஃப்ரெண்ட்ஸ் நம்பினாங்க. ஆனா அந்த ஆளும் தன்னைத் தூக்க விட்டானே, அதை நீ பண்ணணும்.

ஒண்ணு உண்மையைச் சொல்லிடறேன், எல்லாரும் நிக்க மாட்டாங்க. முதல்ல கூட்டமா வருவாங்க, அப்புறம் குறையும், எனக்குக் கடைசி வரைக்கும் நின்னது மரியாயின் சேனைங்கற கத்தோலிக்க பக்த சபையில இருந்து வந்த ரெண்டு பேர். 1921ல டப்ளின்ல அந்த சேனை ஆரம்பிச்சப்பவே முதல் வேலை ஆஸ்பத்திரியில நோயாளிகளைப் போய்ப் பாக்கறதுதானாம். இவங்க வந்தா அறிவுரையே கிடையாது. ஒருத்தங்க துணி மடிச்சு வைப்பாங்க, ஒருத்தங்க ஜெபமாலை சொல்லுவாங்க, நான் பாதியில தூங்கிட்டாலும் முடிச்சுட்டுதான் போவாங்க. நம்பிக்கைக்குரிய நண்பர் உயிர் காக்கற மருந்துன்னு நம்ம பைபிள்ல சீராக் புத்தகம் ஆறாம் அதிகாரத்துல வருது, எனக்கு அது அப்படியே நடந்துச்சு. அதுக்காக மாத்திரையை நிறுத்திடாத, ஜெபம் மட்டும் போதும்னு எவராவது சொன்னா அதே சீராக் 38ஐக் காட்டு, மருத்துவரையும் ஆண்டவர்தான் படைச்சார்னு அங்க இருக்கு. பாவத்துக்குத் தண்டனைன்னு சொல்றவங்களுக்கு யோவான் 9லயே இயேசு, பாவம் காரணமில்லன்னு பதில் சொல்லியிருக்கார், நீ வாதாடி சக்தியை வீணாக்காத.

நோயில்பூசுதல், அதான் நோயாளிக்கு ஃபாதர் எண்ணெய் பூசி ஜெபிக்கற அருட்சாதனம், அதை வாங்கச் சொன்னா ஏன் இப்படிப் பயப்படற? அது சாகப்போறவங்களுக்கு மட்டும்ங்கறது பழைய பயம். திருச்சபையோட ரெண்டாம் வத்திக்கான் சங்கமே தெளிவாச் சொல்லிடுச்சு, நோய் கடுமையாகி ஆபத்துன்னு தெரிய ஆரம்பிக்கறப்பவே வாங்கலாம், இன்னும் முத்தினா திரும்பவும் வாங்கலாம். நெத்தியிலயும் உள்ளங்கையிலயும் எண்ணெய் பூசி ஃபாதர் ஜெபிக்கறப்போ வலி போச்சான்னா இல்ல, ஆனா நான் தனியா இல்லன்னு உடம்புக்கே தெரிஞ்சுது. வீட்டுக்கு நற்கருணை கொண்டு வரச் சொல்லியும் கேளு. நோயாளிக்கும், கூட இருந்து பாத்துக்கறவங்களுக்கும் நற்கருணை வாங்கறதுக்கு முன்னாடி இருக்கற அந்த ஒரு மணி நேர உபவாசம் கட்டாயம் இல்ல, பாத்துக்கறவங்க களைப்பையும் திருச்சபை நினைச்சிருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

சனிக்கிழமை ஃபாதர் வர்றார், நானும் வரேன். அதுக்குள்ள உன்னவரைக் கூப்பிட்டு டயாலிசிஸ், செலவு, குழந்தை பத்தின பயம் எல்லாத்தையும் மறைக்காம சொல்லு, சொல்லிட்டு அவர் பேசி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாம கேளு. அவர் என்னால முடியாதுன்னு சொன்னாலும் சொல்லலாம், அப்படின்னா அந்த ராத்திரி நான் உன் வீட்டுலதான் படுப்பேன்.

உன் அக்கா