ஆக்டேவியோ பாஸ்: கவிஞர் என்பதால் கிடைத்த பதவி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மெக்ஸிகோ கவிஞர் ஆக்டேவியோ பாஸ் பற்றி வந்த கட்டுரை நல்ல கட்டுரைதான். ஆனால் சில தவறுகளைத் திருத்தாமல் விட்டால் அவையே நிலைத்துவிடும்.

கவிஞர் என்பதற்காக அவருக்குத் தூதர் பதவி கொடுத்தார்கள் என்பது சரியல்ல. 1945இல் மெக்ஸிகோ வெளியுறவுப் பணியில் சேர்ந்து, பாரிஸ் தூதரகத்தில் கீழ்நிலைச் செயலாளராகத் தொடங்கியவர். 1951 கடைசியில் டெல்லி, சில மாதங்களிலேயே டோக்கியோ, பிறகு ஜெனீவா. 1953 முதல் சொந்த ஊர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தார். மறுபடியும் பாரிஸ். பதினேழு வருடம் இப்படி ஓடிய பிறகே, 1962இல் இந்தியாவுக்குத் தூதரானார். அவருடைய நெடுங்கவிதை ‘சூரியக் கல்’ வந்தது 1957இல். அதை டெல்லியில் எழுதினார் என்று கட்டுரை சொல்வது காலக்கணக்கிலேயே இடிக்கிறது.

1968 அக்டோபர் 2இல் மெக்ஸிகோ நகரின் த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒலிம்பிக் தொடங்கப் பத்தே நாள். பாஸ் டெல்லியிலிருந்து கடிதம் எழுதினார். அது முழு ராஜினாமா அல்ல. பணிவிதியைச் சுட்டிக்காட்டி, பதவிப் பொறுப்பு எதுவும் தராமல் தன்னை ஒதுக்கி வைக்கக் கேட்ட விண்ணப்பம். நம் ஊர் பாஷையில், ‘காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள்’ என்று ஓர் அதிகாரி தானே எழுதிக் கொடுப்பதுபோல. பிழைப்பை விட்டுப் போகிறவர் விதி எண் பார்த்து எழுதுவதில்தான் அவர் எத்தனை தேர்ந்த அலுவலர் என்று தெரிகிறது.

கட்டுரையோடு வெளியான மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரிக்கு வரி ‘நான்’ வருகிறது. மூலத்தில் அப்படி இல்லை. ஸ்பானிய வினைமுற்று தமிழைப் போலவே எழுவாயைத் தனக்குள் வைத்திருக்கிறது: ‘வோய்’ என்றாலே ‘போகிறேன்’. ஆங்கிலத்துக்கு ‘நான்’ தேவை. ஆங்கிலம் வழியாக வரும்போது அது தமிழிலும் ஒட்டிக்கொள்கிறது. முதல் வேலையாக அந்த ‘நான்’களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதி வரிகள் தாமாகவே நிமிர்ந்து நிற்கும்.

இன்னொன்று ஓசை. ‘சூரியக் கல்’லின் ஒவ்வோர் அடிக்கும் பதினோரு அசை (நம் நேர், நிரை அல்ல, உயிரொலிக் கணக்கு). எண்ணும்போது அடுத்தடுத்து வரும் உயிர்கள் ஒன்றாகிவிடும்: ‘தே ஆகுவா’ என்பதில் முதலிரண்டும் சேர்ந்து ஓர் அசை. ‘காசு இல்லை’ நமக்குக் ‘காசில்லை’ ஆவதில்லையா, அதுபோல. சொல்லுக்குச் சொல் பிரித்து எண்ணுகிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று என்று கணக்குப் போட்டு, யாப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மதுரை, உதகை, கன்னியாகுமரி பற்றியும் பாஸ் கவிதை எழுதியிருக்கிறார். கட்டுரை அதைத் தொடவே இல்லை, போகட்டும். புதுச்சேரியில் நின்ற, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலையைப் பற்றிய கவிதையையாவது வேலூர், ஆம்பூர் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம். 1749 ஆகஸ்டில் ஆற்காடு நவாப் அன்வருதீன் ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தது டூப்ளேயின் படையும் நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் கைகோத்ததால்தான். அந்த அடிக்குறிப்பு இல்லாமல், அது ஏதோ கடற்கரைச் சிலை வர்ணனையாகத் தோன்றும்.

கடைசியாக ஓர் அச்சுப் பிழை. ‘சூரியக் கல்’ 584 அடி. பூமியிலிருந்து பார்க்க, வெள்ளிக் கோள் வானில் ஒரு சுற்று முடிக்கும் நாள்கணக்கும் அதுவே. அதன்பின் முதல் ஆறு அடிகள் அப்படியே திரும்ப வரும். பாஸ் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. கவிதை முடியாமல் மறுபடி தொடங்குவதால், மூலத்தின் கடைசியில் இருப்பது முக்காற்புள்ளி. உங்கள் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கவிதை வாசிக்கும் நண்பர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.