இரண்டாம் தவணை முடிவில் பெற்றோருக்கு

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் நம் தமிழ்ப் பள்ளியின் இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் திறமை காட்டினார்கள், எல்லோருக்கும் பாராட்டுகள். மண்டபத்தைக் கூட்டிக் கழுவித் தந்த அப்பாமாருக்கும் நன்றி.

சரி, இனி ஒரு விடயம்.

நாலாம் வகுப்பில் ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை, "அம்மம்மா, நீங்கள் எனக்குக் குறைகிறீர்கள்" என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. 'தூ மெ மாங்க்' (உன்னைக் காணாமல் ஏங்குகிறேன்) என்று பிரெஞ்சில் நினைத்து, அதை மரியாதையோடு தமிழாக்கியிருக்கிறாள்! இன்னொருவன், "அம்மா பாத்திரம் செய்தா" என்று எழுதினான். அம்மா பாத்திரம் கழுவினாவாம்; பிரெஞ்சில் அதைச் 'செய்தா' என்றுதான் சொல்வார்கள். முதலில் சிரித்தோம். ஆனால் அந்தக் கடிதம் அம்மம்மாவுக்கு விளங்குமா? (நாங்களே "மெட்ரோ எடுத்து வந்தேன்" என்று சொல்கிற ஆட்கள்தான். அது வேறு கதை.)

எங்கள் வகுப்பு கிழமைக்கு 2 மணி நேரம். பள்ளி ஆண்டின் 36 கிழமையும் ஒன்று விடாமல் வந்தாலும் 72 மணி நேரம்தான். பிரெஞ்சு ஆரம்பப் பள்ளியில் ஒரு கிழமைக்கே 24 மணி நேரம். ஆக, நாங்கள் வருடம் முழுக்கத் தருவது அவர்களுடைய 3 கிழமை. மிச்சம் உங்கள் குசினியில்தான் நடக்க வேண்டும்.

பிரெஞ்சு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019 முதல் இங்கே 3 வயதிலேயே பள்ளி கட்டாயம். பிரெஞ்சு எப்படியும் வந்துவிடும். வீட்டிலும் பிரெஞ்சு கதைத்தால்தான் பிள்ளை முன்னேறும் என்று யாரோ சொன்னதாகச் சிலர் என்னிடம் சொன்னீர்கள். நம்மில் பலருடைய பிரெஞ்சு, பிரெஃபெக்த்யூர் (விசா அலுவலக) வரிசையில் சமாளிக்கப் போதும். பிள்ளை அழும்போது தேற்ற, கோபிக்கும்போது காரணம் கேட்க அது காணாது. மூத்தது பிரெஞ்சுக்கு மாறினால் சின்னதும் பின்னாலேயே போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தத் தவணை சிலர் வினாத்தாளில் பிரெஞ்சு விளக்கம் போடச் சொல்லிக் கேட்டீர்கள். போடமாட்டோம். அதேபோல, வகுப்பு முடிந்து வருகிற பிள்ளையை வாசலில் நின்று "அலே, வித்!" என்று கூப்பிட வேண்டாம். "வா, கெதியா வா" என்றால் பிள்ளைக்கு விளங்கும்.

இரவு ஒரு மணிக்கு உணவகத்தில் வேலை முடித்துவிட்டு, மறுநாள் காலை கண் சிவக்கப் பிள்ளையோடு ரயிலில் வருகிற பெற்றோரை எனக்குத் தெரியும். உங்களிடம் இன்னும் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் கூட்டி வராவிட்டால் இந்தப் பள்ளியே இல்லை. மனமார்ந்த நன்றி.

வக்கான்ஸுக்கு (விடுமுறைக்கு) ஒரேயொரு வீட்டுவேலை: அம்மம்மாவோடோ அப்பம்மாவோடோ பிள்ளையைப் பத்து நிமிடம் வீடியோவில் தனியாகக் கதைக்க விடுங்கள். நடுவில் புகுந்து மொழிபெயர்க்க வேண்டாம். திணறட்டும்.

வக்கான்ஸ் முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை, வழக்கம்போல் காலை 10 மணிக்கு வகுப்பு. கொப்பிகளுக்கு உறை போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்