உமையாளுக்கு ஆத்தா எழுதுவது

உ
சிவமயம்
பள்ளத்தூர்

அன்பு மகள் உமையாளுக்கு,

நலம். முகப்பில் ஓடு மாற்றியாயிற்று, இந்த மழைக்கு ஒழுகவில்லை. கணக்கை அப்புறம் எழுதுகிறேன். பிள்ளையார் நோன்புக்கு ஒற்றை ஆளாய் இழை எடுத்துக்கொண்டேன். நீ எடுத்தாயா? போனே இல்லை. வேலை இருக்கும், தெரியும். பங்காளி வீடுகளில் ஐசியூ டாக்டர் நீ ஒருத்திதான், கோயிலில் யார் கேட்டாலும் சொல்லிக்கொள்கிறேன். அதற்காக இரண்டு நிமிஷம்கூடவா கிடைக்காது?

தீபத்தன்று பேசினபோது, உன் வார்டில் ஒருவருக்கு ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி, மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் கேட்கவில்லை என்றாய். அப்புறம் சத்தமே இல்லை. லைன் போய்விட்ட மாதிரி நானும் ஹலோ ஹலோ என்றேன். நீ அழுதது எனக்குக் கேட்டது.

கையைக் கழுவு. நோயாளி கழுத்தில் போட்ட டியூபைத் தொடும் முன்னால் கழுவு. கட்டிலுக்குக் கட்டில் கிருமி நம் கையில்தான் போகிறது என்று அப்பச்சி பக்கத்தில் நின்று நீதான் எனக்குச் சொன்னாய். உனக்கே திருப்பிச் சொல்கிறேன் பார். வேளைக்குச் சாப்பிடு.

அப்பச்சி திவசத்தன்று நீ அண்ணனிடம் "நாலு நாள் முன்னாடி வந்திருந்தா மருந்தை மாத்தச் சொல்லியிருப்பேன்" என்றாய். பட்டாலையில் இருந்தேன், காதில் விழுந்தது.

அப்பச்சியை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி அந்தச் சின்ன டாக்டர் என்னைக் கேட்டது உனக்குத் தெரியாது. "கடைசி மூணு மாசத்துல என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்?" ஒன்றும் இல்லை என்றேன்.

மிச்ச மாத்திரை போட்டுவைக்கும் ஓவல்டின் டப்பா ஞாபகம் இருக்கிறதல்லவா. ஆவணியில் அப்பச்சி நீர்க்கடுப்புக்குச் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக், மூன்று நாள். புரட்டாசியில் திரும்ப வந்தது, டப்பாவில் இருந்த மிச்சம். அப்புறம் கடையில் வேறொன்று. எதற்கும் டாக்டர் சீட்டு இல்லை. 2014-லேயே சட்டம் வந்துவிட்டதாம், செஃபிக்ஸிம் விற்றால் சீட்டைப் பார்த்து, நோயாளி பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டுமாம். எங்கள் பெயர் எந்த நோட்டிலும் இருக்காது. கடைக்காரரைச் சொல்லி என்ன, கேட்டு வாங்கினவள் நான். இரண்டு நாளில் தேவலையானால் மிச்சத்தை எடுத்துவைப்பேன், காசு கொடுத்து வாங்கினதாயிற்றே.

டாக்டரைப் பெற்றவள் இப்படியா என்று அந்தப் பிள்ளை நினைக்குமே என்றுதான் மறைத்தேன். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று சொல்கிற கல்ச்சர் ரிப்போர்ட் வர மூன்று நாளாயிற்று. அதுவரை ஏற்றினது ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கோலிஸ்டின் என்ற மருந்து போடும்போதே கிட்னியைப் பிடிக்கும் என்று கையெழுத்து வாங்கினார்கள். மிச்சம் உனக்குத் தெரியும்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் முதல் ராத்திரியே வேறு மருந்து போட்டிருப்பார்களோ என்னவோ. உன்னைக் கேட்கப் போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். நீ நாலு நாளை எண்ணிக்கொண்டிருக்காதே, ஆத்தா. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

டப்பா இன்னும் இரண்டாம் கட்டு அலமாரியில்தான் இருக்கிறது, உள்ளே பதினொரு மாத்திரை. குப்பையில் போட்டால் மண்ணுக்கும் ஆகாது என்கிறார்கள். என்ன செய்ய என்று போன் பண்ணிச் சொல்.

ஆத்தா