சுகர், பிரஷரோடு இதையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது பற்றிய கட்டுரையைப் படித்தேன். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், சிலருக்கு இருமலில் ரத்தம் என்று அறிகுறிகளைத் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். இது பரம்பரையாகவும் வரக்கூடும் என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சிச் செய்தியாளர் டேவிட் புளூம் 2003 ஏப்ரலில் ஈராக் போர்க்களத்தில் இறந்தபோது வயது 39. ராணுவ வண்டிக்குள் நாள்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்து போனவருக்குக் காலில் பிடிப்பு கண்டிருந்தது. கடைசியில் உயிரை எடுத்தது காலிலிருந்து போய் நுரையீரலை அடைத்த ரத்தக்கட்டி. ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ‘ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்’ என்ற மரபணு மாற்றம் அவருக்கு இருந்தது அதற்கப்புறம்தான் வீட்டாருக்கே தெரிந்தது.

அந்த மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரில் 100 பேரில் சுமார் 5 பேருக்கு உண்டு, நம்மிடம் அதைவிடக் குறைவு. அதற்காக நாம் தப்பித்தோம் என்று இல்லை. ரத்தம் தேவையில்லாமல் உறையாதபடி காக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் என்ற புரதங்களின் குறைபாடுகளும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ளவை. இவை இருந்தும் ஒன்றும் ஆகாமல் வாழ்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட படுக்கை, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை என ஏதாவது கூடச் சேரும்போதுதான் ஆபத்து ஏறுகிறது.

மருத்துவமனையில் “வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர், ஹார்ட் பிரச்சினை உண்டா?” என்று தவறாமல் கேட்கிறார்கள். ரத்தக்கட்டியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நாமாகத்தான் சொல்ல வேண்டும்: அப்பாவுக்கு நாற்பது வயதில் காலில் ரத்தம் உறைந்தது, சித்தி பிள்ளை பெற்ற பத்தாம் நாள் மூச்சுத்திணறிப் போய்விட்டாள் என்று. எத்தனை வீடுகளில் இப்படிப்பட்ட சாவை ‘ஹார்ட் அட்டாக்’ என்று சொல்லி மூடியிருக்கிறோமோ!

வாய்விட்டுச் சொன்னால் பலன் உண்டு. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011இலேயே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்திருந்தது. 2017இல் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சு முட்டியதும் சி.டி. ஸ்கேனும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் வேண்டும் என்று அவரே கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். முதலில் கால்களை மட்டும் ஸ்கேன் செய்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சி.டி. எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன.

நம் வீடுகளில் ஒரு கால் மட்டும் வீங்கினால் தைலம் தடவி உருவிவிடுகிறோம். அதுவே காலில் உள்ள ரத்தக்கட்டியை நுரையீரலுக்கு நகர்த்திவிடக்கூடும். மூச்சு விடும்போது குத்தினால் வாய்வுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம். பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் இருக்கும் பெண்ணுக்கு இப்படி ஆனால் ஓமத்தைத் தேடாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கட்டி புதிதாக இருக்கும்போதோ ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும்போதோ ரத்தச் சோதனை எடுத்தால் புரோட்டீன் சி, எஸ் அளவு இயல்பானவர்களுக்கும் குறைவாகக் காட்டும். பரம்பரைச் சோதனை யாருக்குத் தேவை, எப்போது எடுக்கலாம் என்பதை ஒரு ரத்தநோய் நிபுணரிடம் கேட்டு அடுத்த இதழ்களில் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், மதுரை